தலைக்கவசம்: சட்டமா, அவரவர் விருப்பமா? மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலவாக்கலையில் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான எழுத்துப் பரீட்சைக்குத் தோற்றும் இளைஞர்களுக்கு வார இறுதிகளில் வகுப்பெடுத்து வருகிறேன். வீதிச் சமிக்ஞைகளைப் பற்றி அங்கே ஒருவரும் வாதாடுவதில்லை. தலைக்கவசம் என்ற பேச்சை எடுத்தால் மட்டும் வகுப்பு இரண்டுபட்டுவிடும். ஹற்றன், மஸ்கெலியா, பொகவந்தலாவை, அக்கரப்பத்தனை என்று எங்கிருந்து வந்தவர்களானாலும் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சட்டம் வேண்டும் என்பவன் நான். ஆயினும் வேண்டாம் என்பவர்களின் கேள்விகளில் சில மிகவும் நியாயமானவை என்பதால், அவற்றுக்கே இங்கு அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

சட்டம் என்னதான் சொல்லுது? ஓட்டுறவருக்கு மட்டுமா, பின்னால இருக்கிறவருக்குமா?

இருவருக்கும்தான். இலங்கையில் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் அதற்குப் பின்னர் வந்த திருத்தங்களும் வீதிப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்துகின்றன. மோட்டார் சைக்கிளை ஓட்டுபவரும் பின்னால் அமர்ந்து செல்பவரும் பாதுகாப்புத் தலைக்கவசம் அணிந்திருக்க வேண்டும் என்பதே விதி.

அணிவது என்றால் தாடைப் பட்டியைப் பூட்டி அணிவது. பட்டி பூட்டாத தலைக்கவசம், விழும்போது தலை தரையைத் தொடுவதற்கு முன்பே கழன்று போய்விடும். கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போய்ச் சந்தி வந்ததும் தலைக்கு மாற்றுபவர்கள் தண்டப்பணத்திலிருந்து மட்டுமே தப்புகிறார்கள்.

ஹெல்மட் நெசமாவே உயிரைக் காப்பாத்துதா, இல்ல தண்டம் அறவிடுறதுக்கு ஒரு சாக்கா?

காப்பாற்றுகிறது, இதில் மருத்துவ உலகில் இருவேறு கருத்து இல்லை. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2008 இல் வெளிவந்த கொக்ரேன் மீளாய்வு, விபத்துக்குள்ளான மோட்டார் சைக்கிளோட்டிகளில் தலைக்கவசம் அணிந்தவர்களுக்கு மரண ஆபத்து ஏறத்தாழ 42 சதவீதமும், தலையில் காயமேற்படும் ஆபத்து ஏறத்தாழ 69 சதவீதமும் குறைகின்றன என்று கணித்தது. தலைக்கவசம் அணிந்தவர் சாகவே மாட்டார் என்று எவரும் சொல்லவில்லை. நெஞ்சில் அடிபட்டு இறப்பவரை அது காப்பாற்றாது.

இந்த அறிவு எப்படி வந்தது என்பதும் சொல்லத் தக்கது. 'அரேபியாவின் லோரன்ஸ்' என்று அறியப்பட்ட டி. ஈ. லோரன்ஸ் 1935 மே மாதத்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து வீசப்பட்டு, ஆறு நாட்கள் நினைவு திரும்பாமல் கிடந்து இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவரான மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் ஹியூ கெய்ன்ஸ், அதற்குப் பின் இராணுவத் தகவல் எடுத்துச் செல்லும் மோட்டார் சைக்கிளோட்டிகளின் தலைக்காயங்களைத் தொடர்ந்து ஆராய்ந்து 1941 இல் தன் முடிவுகளை வெளியிட்டார். அதையொட்டியே பிரித்தானிய இராணுவம் தன் ஓட்டிகளுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. பொதுமக்கள் அனைவருக்கும் அதைச் சட்டமாக்கிய முதல் இடம் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், ஆண்டு 1961.

நம்ம மலை ரோட்டுல வேகமாவே போக முடியாது. இருபது முப்பதுல போறவனுக்கு எதுக்கு?

வகுப்பில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், கேட்பவர்களும் பொறுப்பாக ஓட்டுபவர்களே. ஒரு கணக்கைப் பார்ப்போம். மோட்டார் சைக்கிளில் அமர்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து தடையின்றி விழும் ஒரு பொருள் தரையைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றர் வேகத்தை அடைந்துவிடும். வண்டி அசையாமல் நின்ற நிலையில் விழுந்தாலும் இதுதான் கணக்கு. விழும் இடமும் நம் பக்கத்தில் வயல் மண்ணாக இருப்பதில்லை. ஒரு பக்கம் கருங்கல் அணை, மறுபக்கம் கொங்கிரீட் வடிகான்.

வகுப்பு மேசையில் என்னுடைய பழைய தலைக்கவசம் ஒன்றை வைத்திருக்கிறேன். லிந்துலைப் பக்கத்துத் தோட்டப் பாதையொன்றில், பாசி பிடித்த வளைவில், மெதுவாக இறங்கும்போதுதான் விழுந்தேன். வெளி ஓட்டின் வலப்பக்கத்தில் மூன்று விரல் அகலத்துக்குச் சிராய்ப்பு மட்டுமே தெரியும். உள்துணியை விலக்கிப் பார்த்தால், அதே இடத்தில் வெள்ளை ரெஜிபோம் பெருவிரலால் அழுத்திய மாவைப் போலக் குழிந்து, அதிலிருந்து தலைமுடி அளவில் ஒரு வெடிப்பு ஓடியிருக்கும். பிள்ளைகள் அந்தக் குழியில் விரலை வைத்துப் பார்ப்பார்கள். அந்தக் குழி விழுந்ததால்தான் என் மண்டையோட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. தலை சட்டென நிற்பதைச் சில சென்ரிமீற்றர் தூரத்துக்கு நீட்டி, அடியின் வேகத்தைத் தான் நசுங்கி வாங்கிக்கொள்வதே அந்த ரெஜிபோமின் வேலை. ஒரு தடவை நசுங்கியது மீண்டும் எழாது என்பதால், பலமாக அடிபட்ட தலைக்கவசத்தைத் திரும்ப அணியக் கூடாது.

தோட்டத்து ரோட்டுல பொலிஸே வர்றதில்ல. அங்கயும் போடணுமா?

முந்தைய பதிலில் சொன்ன விழுகை நடந்தது தோட்டத்துப் பாதையில்தான். தார் பெயர்ந்து கல் தெரியும் பாதை, திருப்பத்தில் திடீரென எதிர்ப்படும் கொழுந்து லொறி, மழைக்குப் பின் வழியும் சேறு ஆகியவையெல்லாம் பிரதான வீதியைவிடத் தோட்டத்துக்குள்ளேயே அதிகம். அதோடு விழுந்தவரை மற்றவர்கள் கண்டெடுக்கவும் அங்கே கூடுதல் நேரம் செல்லும்.

பனி மூடுற நேரத்துல கண்ணாடி மங்கிப் போகுது. அப்ப ஹெல்மட்தானே ஆபத்து?

நானுஓயாவிலோ லபுக்கலையிலோ மாலை நாலு மணிக்குமேல் ஓட்டியவர்களுக்கு இந்தக் கேள்வியின் நியாயம் தெரியும். மூச்சின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிந்து, உள்ளும் வெளியும் ஒரே வெள்ளையாகிவிடும். அதற்குப் பரிகாரம் தலைக்கவசத்தைக் கழற்றுவதாக இருக்க முடியாது. கண்ணாடியை ஒரு விரலளவு திறந்து காற்றோட்டம் விடுங்கள். அதுவும் போதாவிட்டால் கண்ணாடியை முழுதாக உயர்த்திவிட்டு வேகத்தைக் குறையுங்கள். எதுவுமே தெரியாவிட்டால் ஓரங்கட்டி நில்லுங்கள். கறுப்புக் கண்ணாடி பொருத்திய தலைக்கவசத்தை மட்டும் மலைநாட்டில் மாலையிலும் இரவிலும் அணிய வேண்டாம். அழகுக்காக அதை வாங்கும் தம்பிமாரிடம் நான் சண்டையே பிடித்திருக்கிறேன்.

ஹோர்ன் சத்தம் கேட்காது என்பதும் இதனுடன் சேர்த்துச் சொல்லப்படுகிறது. லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரடியாக ஆராய்ந்து 1981 இல் வெளியான ஹேர்ட் அறிக்கை, தலைக்கவசம் பார்வையையோ செவியையோ மறைத்து விபத்தை உண்டாக்கியதற்குச் சான்று இல்லை என்றே கூறியது.

என் தலை, என் உயிர். அடிபட்டா எனக்குத்தானே? இதுல அரசாங்கத்துக்கு என்ன வேலை?

அடிபடுவது உங்களுக்கு மட்டும்தான் என்றால் நானும் உங்கள் பக்கம் நிற்பேன். வயது வந்த ஒருவர் தன் உடலைப் பற்றித் தானே தீர்மானிக்க வேண்டும் என்ற கொள்கை பெரியது. அதை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. அரசாங்க வைத்தியசாலையின் செலவு பொதுப்பணம் என்ற வாதத்தை நான் இங்கே முன்வைப்பதுமில்லை. அந்த வாதத்தை ஒப்புக்கொண்டால், இலவச மருத்துவம் பெறுகிற ஏழையின் ஒவ்வொரு பழக்கத்திலும் அரசாங்கம் கைவைக்கலாம் என்றாகிவிடும்.

நான் பார்ப்பது வேறொன்றை. தலையில் அடிபட்டு உயிர் பிழைத்து, ஆனால் எழுந்து நடக்க முடியாமல் போன ஒருவரைப் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்து அறைக்குள் வைத்துப் பார்ப்பதை எண்ணிப் பாருங்கள். அவரைப் புரட்டிப் படுக்கவைக்க ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மனைவி பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பேர் பதியும் இடத்துக்கு, போகாவிட்டால் அன்று பேர் விழாது, அன்றைய சம்பளமும் இல்லை. பிந்திப் போனால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். ஆகவே மூத்த மகள் பள்ளிக்கூடத்தை நிறுத்திக்கொள்கிறாள். ஹெல்மட் போடுவதில்லை என்று முடிவெடுத்த அந்தக் காலையில் இவர்கள் இருவரிடமும் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இப்படிப்பட்ட வீடுகளை நான் அறிவேன். அவற்றின் அடையாளத்தை எழுத மாட்டேன்.

தூரமும் இதில் சேர்கிறது. மண்டையோட்டுக்குள் இரத்தம் கசியும் காயங்களில், அடிபட்டவர் முதலில் எழுந்து நன்றாகப் பேசிவிட்டு, சில மணித்தியாலங்களில் நினைவிழப்பதுண்டு. அந்த இரத்தத்தை வெளியேற்றும் சத்திரசிகிச்சை எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு நல்லது. ஹற்றனிலிருந்து கண்டி தேசிய வைத்தியசாலைக்குப் போக வழமையான நாளிலேயே இரண்டு மணித்தியாலத்துக்கு மேலாகும். தோட்டத்தின் மேல்பிரிவொன்றிலிருந்து ஹற்றனுக்கு வரும் நேரம் அதற்கு வெளியே. கொழும்பில் ஒருவர் எடுக்கும் அதே முடிவுக்கு இங்கே விலை அதிகம்.

இருநூறு வருஷமா எல்லாரும் எங்களுக்குக் கட்டளைதான் போட்டாங்க. இப்ப தலையில என்ன வைக்கணும்னுமா சொல்லணும்?

இதைக் கேட்டவர் பதுளைப் பக்கத்து இளைஞர் ஒருவர். அன்று என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. 1820களில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த நாளிலிருந்து, எழும்பும் நேரம், வேலைக்கு இறங்கும் நேரம், குடியிருக்கும் காம்பரா எல்லாவற்றையும் பிறர் தீர்மானித்த சமூகம் இது. கடன் தீர்ந்ததென்று துரை 'துண்டு' எழுதிக் கொடுக்காமல் ஒருவர் வேறு தோட்டத்துக்குப் போக முடியாதிருந்தது. அந்த முறை 1921 இல்தான் ஒழிக்கப்பட்டது. 1948 இன் குடியுரிமைச் சட்டம் எங்கள் பாட்டன் பாட்டிமாரை நாடற்றவர்களாக்கியது. கட்டளை என்றாலே சந்தேகிப்பது எங்கள் மக்களின் அனுபவ அறிவு.

ஆகவே ஒரு கட்டளையைப் பார்த்து நான் இரண்டு விடயங்களைக் கேட்பேன். அதன் பயன் யாருக்குப் போகிறது? அது எல்லோருக்கும் பொதுவானதா? துண்டு காத்தது தோட்டக்காரரின் கடனை. அது கட்டியதும் தொழிலாளியை மட்டுமே. தலைக்கவசச் சட்டத்தின் பயன் அணிபவருக்கும் அவர் வீட்டாருக்கும் போகிறது. பைக்கில் ஏறினால் தோட்டத்துத் துரைக்கும் அமைச்சரின் மகனுக்கும் அதே விதிதான்.

ஆனால் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் விதத்தைப் பற்றிய உங்கள் கோபத்தை இந்தப் பதில் தீர்க்காது. புரியாத மொழியில் எழுதிய தண்டச்சீட்டைக் கையில் கொடுப்பதும், சந்தியில் மரியாதையில்லாமல் பேசுவதும் நடக்கின்றன. தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. சீட்டைத் தமிழில் கேளுங்கள். முறைப்பாடு செய்ய வேண்டிய இடத்தில் செய்யுங்கள். அந்தப் போராட்டத்தில் நானும் உங்களோடு இருக்கிறேன்.

அமெரிக்காவுல கட்டாயமே இல்லையாமே? அங்க மட்டும் சுதந்திரம் இருக்கா?

அங்கே இரண்டு நிலைமையும் உண்டு. 1966 இல் வந்த மத்திய சட்டமொன்று, தலைக்கவசச் சட்டம் இயற்றாத மாநிலங்களுக்கு வீதி நிதியைக் குறைக்க வழிசெய்ததால், 1975 இல் 47 மாநிலங்களில் அது நடைமுறையில் இருந்தது. மோட்டார் சைக்கிளோட்டிகளின் சங்கங்கள் தொடர்ந்து எதிர்த்ததில் 1976 இல் அந்த அழுத்தம் நீக்கப்பட, பல மாநிலங்கள் சட்டத்தைத் தளர்த்தின. இலினோய், அயோவா, நியூ ஹாம்ப்ஷயர் ஆகிய மூன்றில் இப்போது சட்டமே இல்லை; வேறு பலவற்றில் இளவயதினருக்கு மட்டும் கட்டாயம்.

புளோரிடா 2000 ஆம் ஆண்டில், 21 வயதைக் கடந்து 10,000 டொலர் மருத்துவக் காப்புறுதி வைத்திருப்பவர்களுக்குக் கட்டாயத்தை நீக்கியது. அணிவோர் தொகை குறைந்தது, மோட்டார் சைக்கிள் மரணங்கள் கூடின. எதிர்த்திசைக்கு வியட்நாம் எடுத்துக்காட்டு: 2007 டிசம்பர் 15 முதல் எல்லா வீதிகளிலும் கட்டாயமாக்கப்பட்டதும், மிகக் குறுகிய காலத்தில் அணிவோர் 90 சதவீதத்தைத் தாண்டினர். விழிப்புணர்வுப் பிரசாரத்தால் மட்டும் இப்படி நடந்த நாட்டை நான் அறியேன். புளோரிடாவின் காப்புறுதி நிபந்தனையையும் கவனியுங்கள். அந்த விருப்பச் சுதந்திரம்கூடக் காசு உள்ளவருக்கே கிடைத்தது.

அப்படின்னா நாளைக்குச் சாராயத்தையும் சிகரட்டையும் சட்டம் போட்டு நிறுத்துவாங்களா?

ஒரு சட்டத்தை ஏற்றால் எல்லாச் சட்டத்தையும் ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தலைக்கவசம் உங்கள் பயணத்தைத் தடுப்பதில்லை. போகும் இடத்தையோ போகும் நேரத்தையோ மாற்றுவதில்லை. அணியப் பத்து விநாடி, தவிர்க்கப்படுவது திரும்பப் பெற முடியாத இழப்பு. இவ்வளவு சிறிய சுமைக்கு இவ்வளவு பெரிய பயன் தரும் விதிகள் மிகக் குறைவு. அப்படியில்லாத ஒரு விதி வந்தால் அப்போது எதிர்ப்போம்.

நாட்சம்பளக்காரன் வீட்டுல ரெண்டு மூணு ஹெல்மட் வாங்கச் சொல்றது நியாயமா?

நியாயமில்லை, இதுதான் இந்தச் சட்டத்தின் மிகப் பலவீனமான இடம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. தரமான தலைக்கவசம் ஒன்று பல நாட்களின் உழைப்பைக் கேட்கிறது. ஆகவே தண்டத்துக்குப் பயந்து மிக மலிவானதை வாங்குகிறார்கள். உள்ளே நசுங்கும் ரெஜிபோமே இல்லாத வெறும் பிளாஸ்டிக் தொப்பிகளும் அவற்றில் உண்டு. வியட்நாமிலும் இதுவே நடந்தது: தலைகள் மூடப்பட்டன, மூடியவற்றில் பல தரமற்றவை. கட்டாயப்படுத்துகிற அரசாங்கம் விலையைக் குறைக்கவும் தரத்தைக் கண்காணிக்கவும் கடமைப்பட்டது என்பதைச் சட்டத்தை ஆதரிக்கிற நாமே உரத்துச் சொல்ல வேண்டும்.

வாங்கும்போது எஸ்.எல்.எஸ். 517 தர இலச்சினையைப் பாருங்கள். உள்துணியை விலக்கி, கட்டியான வெள்ளை அல்லது கறுப்பு ரெஜிபோம் தலை முழுவதையும் சுற்றி இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். பட்டியைப் பூட்டித் தலையை உலுக்கினால் அது தனியாக ஆடக் கூடாது. பாவித்த தலைக்கவசத்தை வாங்காதீர்கள். என்னுடையதைப் போன்ற குழி வெளியே தெரியாது. பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் அலங்காரப் படங்களுக்குச் செலவிடாமல் அளவுக்குச் செலவிடுங்கள்.

பிள்ளைய டாங்கி மேல உக்கார வெச்சு ஸ்கூலுக்கு விடுறேன். கிட்டத்துலதானே, அதுக்கும் வேணுமா?

வேண்டும், இதில் நான் வாதாடவே விரும்பவில்லை. விருப்பச் சுதந்திரம் என்பது வயது வந்தவருக்கான வாதம். பிள்ளையின் தலையைப் பணயம் வைக்கும் சுதந்திரம் தகப்பனுக்கு இல்லை. டாங்கியின் மேல் அமரும் பிள்ளை, மோதும்போது கைப்பிடிக்கும் உங்கள் நெஞ்சுக்கும் நடுவில் சிக்கும். பெரியவரின் தலைக்கவசத்தைப் பிள்ளைக்குப் போட்டால் அது கண்ணை மறைத்துக் கழுத்தை இழுக்கும். பிள்ளையின் அளவில் வாங்குங்கள். கால் மிதிக்கு எட்டும் வரை பைக்கில் ஏற்றாதிருப்பது இன்னும் நல்லது.

சமயத்துக்காக விலக்கு இருக்கா? தலைப்பாகை, பர்தா, கொண்டையில பூ?

பிரித்தானியா 1973 இல் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கி, 1976 இல் தலைப்பாகை அணியும் சீக்கியருக்கு விலக்களித்தது. இந்தியச் சட்டத்திலும் அப்படியே. நம் மலைநாட்டில் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் எழுவதில்லை. மெல்லிய தலைத்துணியின் மேல் தலைக்கவசம் அணியலாம். ஐயப்பனுக்கு மாலை போட்டவரோ சிவனொளிபாதமலைக்குப் போகிறவரோ தலைக்கவசம் அணிவதால் விரதம் கெடாது. உயர்த்திக் கட்டிய கொண்டைதான் உண்மையான தடை. பயணத்துக்கு மட்டும் அதைப் பிடரிக்குக் கீழே தாழ்த்திக் கட்டிக்கொள்ளலாம்.

முகம் முழுக்க மூடுற ஹெல்மட்டைத் தடை செஞ்சாங்களே, இப்ப போடலாமா?

முகத்தை மறைத்துக் கொள்ளையடிக்கிறார்கள் என்ற காரணத்தைக் காட்டி 2015 இல் பொலிஸார் அத்தகைய தடையை அறிவித்தனர். அந்த ஆண்டு ஏப்ரலிலேயே மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை நடைமுறைப்படுத்துவதை இடைநிறுத்தியது. தாடையையும் முகத்தையும் காப்பது முழுமுகத் தலைக்கவசமே என்பதால், அந்த இடைநிறுத்தத்தைச் சரியென்றே கருதுகிறேன். வங்கிக்கோ கடைக்கோ உள்ளே போகும்போது கழற்றிவிடுங்கள். அது அங்கிருப்பவர்களின் அச்சத்துக்கு நாம் கொடுக்கும் மதிப்பு.

விழுந்து கிடக்கிறவர் தலையில இருந்து ஹெல்மட்டை உடனே கழட்டலாமா?

மூச்சு நன்றாக வந்துகொண்டிருந்தால் கழற்ற வேண்டாம். கழுத்தெலும்பு முறிந்திருந்தால், அவசரப்பட்டு இழுப்பது கைகால்களை நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்யலாம். கண்ணாடியை மட்டும் உயர்த்தி, தலையும் கழுத்தும் அசையாமல் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, அவரோடு பேசிக்கொண்டிருங்கள். மூச்சு நின்றாலோ வாந்தியால் அடைத்தாலோ மட்டும், ஒருவர் கழுத்தைத் தாங்க மற்றவர் பட்டியை வெட்டி மெதுவாகக் கழற்ற வேண்டும். தண்ணீர் பருகக் கொடுக்காதீர்கள். தோட்ட லொறியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். எழுந்து நடந்து, ஒன்றுமில்லை என்று சொல்பவரையும், மேலே குறிப்பிட்ட இரத்தக்கசிவின் காரணமாக, வைத்தியசாலையில் காட்டியே ஆக வேண்டும்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். அழைக்கும்போது தோட்டத்தின் பெயரை மட்டும் சொன்னால் வண்டி வேறு பிரிவுக்குப் போய்விடக்கூடும். மேல்பிரிவா கீழ்ப்பிரிவா என்பதையும், பக்கத்திலுள்ள கொழுந்து மடுவத்தையோ கோயிலையோ பெக்டரியையோ சேர்த்துச் சொல்லுங்கள். இயன்றால் ஒருவரைப் பிரதான வீதிச் சந்திக்கு அனுப்பி, இரவென்றால் டோர்ச் லைட்டுடன் நிற்கச் சொல்லுங்கள்.